கேள்வி கேட்காத வீடு

எங்கள் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தினேன். என் கணவர் பகலில் ஒரு பள்ளியிலும், சாயங்காலத்தில் அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையிலும் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, மாடியில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்.கே.ஜி. பிள்ளைகளை மேய்த்தே தலை நரைத்துப்போய் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். இந்த மூன்று பேருக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டான் என் மகன்.

வாத்தியார் வீட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தொட்டிலை விட்டு இறங்குவதற்குள் பரீட்சை ஆரம்பித்துவிடும். காக்கா எங்கே, அப்பா மூக்கு எங்கே, இது என்ன கலர், இது எத்தனை. நாங்கள் கொஞ்சுவதே கேள்வியாகத்தான் கொஞ்சுவோம். விருந்தாளி வந்தால் அது அரங்கேற்றம். சர்ச்சிலிருந்து போதகர் வந்தால், ஜெபம் முடித்த கையோடு அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "தம்பி ஒரு வசனம் சொல்லுங்க பாப்போம்" என்பார். எங்கள் சொந்தத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் எல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். என் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் புறங்கையைக் கடிப்பான். எல்லோரும் சிரித்து, கூச்சம் என்று சொல்லி, முறுக்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

கூச்சம் இல்லை என்று எனக்குத் தெரியும். தனியாக இருக்கும்போது அவன் டேபிள் ஃபேனோடு பேசுவான். மழலை அதிகம், ஆனாலும் பேச்சுதான். நான் பக்கத்தில் போய் "என்ன பேசுற கண்ணு?" என்று கேட்டதும் நின்றுவிடும். காது கேட்கவில்லையோ என்று பரிசோதித்தோம். நன்றாகக் கேட்டது. உடனே நாங்கள் மூன்று பேரும் வாத்தியார்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தோம். பதில் வராத பிள்ளையிடம் இன்னும் மெதுவாக, இன்னும் தெளிவாக, இன்னும் பலமாக அதே கேள்வியைக் கேட்டோம். அண்ணி படம் போட்ட அட்டைகளை வெட்டிக் கொண்டுவந்தார். என் கணவர் பாத்ரூம் கதவில் எண்களை ஒட்டினார். கையில் பல் பதிந்த இடம் காய்த்துப்போனதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் அவனுடைய நீண்ட முகத்தையும் பெரிய காதுகளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நகரத்தில் ஒரு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். மின்சார ரயிலில் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள். அங்கே இருந்த டாக்டர் என் வயதுப் பெண்மணி. அவன் மரபணு ஒன்று வேலை செய்யவில்லை, அதற்கு எக்ஸ் குரோமோசோமின் பெயரில் ஒரு நோய்ப் பெயர் உண்டு, அது என் வழியாக வந்திருக்கிறது என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். பிறகு நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப சினாப்ஸ் நீங்களே நடத்தியிருப்பீங்க."

"நடத்தியிருக்கேன். அஞ்சு மார்க் கேள்வி."

உண்மைதான். இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடம்தான் சினாப்ஸ். ஒரு செல்லின் நுனி ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். அது நடுவிலிருக்கும் இடைவெளியைக் கடந்து போகும். அந்தப் பக்கத்து செல்லின் மேல் இருக்கும் ரிசப்டர் என்கிற ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். செய்தி போய்ச் சேர்ந்தது. படம் வரைந்து பாகம் குறித்தால் முழு மார்க். எங்கள் பாடம் அந்த இடத்தில் முடிந்துவிடும். டாக்டர் அங்கே இருந்து ஆரம்பித்தார்.

"புடிச்ச உடனே அந்த ரிசப்டர் சும்மா இருக்காது மேடம். உள்ள இருக்கற செல்லுக்கு ஆர்டர் போடும். இந்த இடத்துல புது புரோட்டீன் செய், இந்த சந்திப்ப பலமாக்கு, இது வேணாம் எடுத்துடுன்னு. குழந்தையோட மூளை அப்படித்தான் தன்னைத்தானே கட்டிக்குது. எல்லாருக்கும் அந்த ஆர்டருக்கு ஒரு பிரேக் உண்டு. உங்க பையனுக்கு அந்த பிரேக் இல்ல. சின்ன சிக்னல் வந்தாலும் உள்ள வேலை தாறுமாறா நடக்குது."

"அப்ப அவனுக்கு ஒண்ணும் உள்ள போகலன்னு இல்ல?"

"போகுது. போறது ஒண்ணுக்கு, உள்ள நடக்கறது பத்து."

அதன் விளைவாகச் சந்திப்புகள் எப்படி உருவாகும் என்பதையும் சொன்னார். எங்கள் வீட்டுக் கொல்லையில் அண்ணி ஒருமுறை கீரை விதையை ஒரே பாத்தியில் அள்ளிக் கொட்டிவிட்டார். முளைத்ததெல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நெட்டையாக, ஒல்லியாக, தண்டில் பலமே இல்லாமல் நின்றது. நரம்பு செல்லின் கிளைகளில், சந்திப்புகள் அமையும் இடத்தில் இருக்கும் நுண்ணிய முட்கள் இந்தப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்குமாம். எண்ணிக்கையில் குறைவில்லை. முற்றிப் பலப்பட வேண்டியது முற்றாமல், களைய வேண்டியது களையப்படாமல் நிற்கும்.

வெளிநாடுகளில் அந்த ஏற்பியைக் கொஞ்சம் அடக்கிவைக்க எலிகளில் முயல்கிறார்கள், எலிகள் தேறுகின்றன என்றார். மனிதனுக்கு எப்போது வரும் என்று கேட்டேன். "தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். பிறகு மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எலிகளுக்கு நடந்தது நடக்கவில்லை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்தச் செய்திகளை விடாமல் படிக்கிறேன்.

"ஆனா ஒண்ணு கேளுங்க. இந்த சந்திப்பெல்லாம் கான்கிரீட் இல்ல. அனுபவத்துக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிட்டே இருக்கும். அவன நார்மல் பிள்ளைங்க நடுவுல வளர விடுங்க. இந்தப் பசங்க பாத்துப் பாத்து நிறைய கத்துப்பாங்க. எதிர்ல உக்காந்து கண்ணப் பாத்துக் கேள்வி மட்டும் கேக்காதீங்க. கேட்டா அவனுக்கு உள்ள சைரன் அடிக்கும். பதில் தெரிஞ்சிருக்கும். அந்த சத்தத்துல வெளிய வராது."

அந்த சைரனும் அந்த ஏற்பியும் ஒன்றா என்று நான் உடனே கேட்டேன். வாத்தியார் புத்தி. அவ்வளவு நேராகக் கோடு போட்டு இணைக்க முடியாது என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் நான் அழுதேன். என் வழியாக வந்தது என்ற ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "பின்னத்துல மேல யாரு கீழ யாருன்னு பாத்துட்டு இருக்க முடியாது. மொத்தமா அவன் நம்ம பையன்" என்றார். கணக்கு வாத்தியாருக்கு அதற்கு மேல் ஆறுதல் சொல்லத் தெரியாது. எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அப்போது அவன் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தான். படித்தான் என்று சொல்வதைவிட, உட்கார்ந்திருந்தான். அந்த மாதிரிப் பள்ளிகளில் அந்த வயதிலேயே ஓரல் டெஸ்ட் உண்டு. பிள்ளை டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். டீச்சர் சார்ட்டில் கைவைத்துக் கேட்பார். பிள்ளை சொல்ல வேண்டும். அரையாண்டுத் தேர்வில் என் மகன் எதற்கும் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் பிரின்சிபல் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்ரல்ல ஃபைனல் ஓரல் வச்சுப் பாப்போம். அதுலயும் பேசலன்னா ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுக்கு எடுக்க முடியாது. நீங்க டி.சி. வாங்கிக்கறது நல்லது. நீங்களும் டீச்சர், உங்களுக்குப் புரியும்."

புரிந்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தப் பள்ளிக்குப் போனாலும் வாசலிலேயே கேள்விதான் நிற்கும். இவனைப் போன்றவர்களுக்கான பள்ளி நகரத்துக்குள் இருந்தது. அங்கே நல்லவர்கள் இருந்தார்கள். ஆனால் மற்ற பிள்ளைகளைப் பார்த்துத்தான் இவன் கற்றுக்கொள்வான் என்று டாக்டர் சொன்னது என் காதிலேயே இருந்தது. எனக்கு அடுத்த தெருப் பள்ளியிலேயே அவனுக்கு ஒரு இடம் வேண்டும். ஏப்ரலுக்குள் வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சட்டம் போட்டேன். இந்த வீட்டில் இனி அவனிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது.

சொல்வது சுலபம். சாப்பிடுகிறாயா என்பதைச் "சாதம் போட்டாச்சு" என்று மாற்ற வேண்டும். டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம், தம்பியிடம் பேர் கேட்காதீர்கள் என்று சொல்லிவைத்தோம். என் கணவர் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு திரிந்தார். "கேள்வி கேக்காம பேச எனக்கு என்ன இருக்கு?" என்று அடுக்களைக்கு வந்து என்னிடம் கேட்டார். அண்ணிதான் மகா மோசம். மாடிப்படி இறங்கும்போதே, "யாரு செல்லம் வந்திருக்கு?" என்று ஆரம்பித்து, பாதியில் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொள்வார். நான் முறைப்பேன். வயதில் மூத்தவர் என்று பார்க்காமல் முறைத்தேன்.

வீடு அமைதியானது. அவன் கை கடிப்பது குறைந்தது. ஆனால் பேச்சு வரவில்லை. கேட்காமல் விட்டால் மட்டும் பதில் எப்படி வரும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பொங்கல் லீவில் வந்த வெள்ளிக்கிழமை, கூட்டம் சேருமுன்பே பல்லாவரம் சந்தைக்குப் போனோம். நான், அண்ணி, அவன். அங்கே பழைய மிக்ஸியும் ஃபேனும் குவித்துவைத்து விற்கிற வரிசை அவனுக்கு உயிர். ஒரு ரவுண்டு அதைக் காட்டிவிட்டுத்தான் காய்கறிப் பக்கம் வரவே முடியும். அண்ணி அன்றைக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார். ஒரு காய்க் குவியலைப் பார்த்துக் கையை நீட்டி, "புடலங்கா நல்லா இளசா இருக்கு" என்றார்.

"பீக்கங்கா."

என் இடுப்பு உயரத்திலிருந்து வந்தது குரல். அவன் எங்களைப் பார்க்கவில்லை. கண் அதற்குள் ஃபேன் வரிசைப் பக்கம் திரும்பியிருந்தது. யாரும் கேட்கவில்லை. யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பு ஒன்று காற்றில் கிடந்தது, அவன் எடுத்துச் சரியாக வைத்துவிட்டான்.

அண்ணி எத்தனையோ வருடம் எல்.கே.ஜி. நடத்தியவர். எனக்கு விளங்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. என்னையும் பார்க்காமல், அவனையும் பார்க்காமல், பச்சை மிளகாய்க் கூடையைக் காட்டி, "இந்த வெண்டைக்காயும் கால் கிலோ போடுப்பா" என்றார்.

"மொளகா." இந்தத் தடவை குரலோடு சிரிப்பும் வந்தது.

"சரி, இந்த தேங்கா ஒண்ணு" என்று பூசணியைத் தொட்டார் அண்ணி.

"பூசணிக்கா." அவன் தோள் குலுங்கியது.

கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா டீச்சரம்மா, மொளகா கூட தெர்லயா உனுக்கு? புள்ள கரீட்டா சொல்லிகினு கீது பாரு. மொதல்ல போய் கண்ணு டெஸ்ட் எடு."

"எடுக்கறேம்பா, எடுக்கறேன்" என்றார் அண்ணி. அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளாமல் அடுத்த கூடைக்கு நகர்ந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் முட்டாள்கள் ஆனோம். நான் செருப்பைத் தொப்பி என்றேன். அண்ணி வாரத்தில் திங்கள்கிழமைக்கு அடுத்து ஞாயிறு வைத்தார். என் கணவர்தான் கஷ்டப்பட்டார். டியூஷன் போர்டில் இரண்டும் மூன்றும் ஆறு என்று எழுத அவருக்குக் கை கூசியது. எழுதிவிட்டு ஏதோ திருடினவர் மாதிரி திரும்பிப் பார்த்தார். நிலைப்படியில் நின்றவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அஞ்சு" என்றான். டியூஷன் பிள்ளைகள் கைதட்டப் போனார்கள். அவர் கையைக் காட்டி அடக்கினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்ததால் அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை.

எல்லா நாளும் இப்படிப் போனதில்லை. ஒரு கல்யாணத்தில் மைக் செட் சத்தத்துக்கு மிரண்டு பந்தியையே கலக்கினான். உறவுக்காரர் ஒருவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, "மாமாக்கு பதில் சொல்ல மாட்டியா?" என்று கேட்டதற்கு அந்த வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. பழைய நிலைக்கே போய்விட்டானோ என்று பயந்தேன். பிறகு அண்ணி ஒரு நாள் தேநீரில் உப்புப் போட்டதாகச் சொல்லி டப்பாவைக் காட்டியதும், "சக்கர" என்று திரும்ப ஆரம்பித்தான். மூளைக்குள் எந்தச் சந்திப்பு பலப்பட்டது, எது களையப்பட்டது என்று எனக்குத் தெரியாது. பார்க்க வழியும் கிடையாது. ஏதோ ஒன்று நிற்கக் கற்றுக்கொண்டிருந்தது என்று மட்டும் தெரிந்தது.

மார்ச் மாதம் பிரின்சிபலைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் விளக்கினேன். "அவனக் கேக்காதீங்க மேடம். பக்கத்துல உக்காந்து தப்பா சொல்லுங்க. அவனே திருத்துவான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சேலை மடிப்பு கலையாத அம்மா அவர். பிள்ளைகளின் இங்கிலீஷ் உச்சரிப்பைக் காலை அசெம்பிளியில் நிறுத்தித் திருத்துகிறவர். "தப்பா சொல்லணுமா? நானா? பிள்ளைங்க முன்னாடியா?"

"ஒரு பத்து நிமிஷம்."

"எல்லாருக்கும் ஒரே புரோசீஜர்தான். உங்க பையனுக்கு மட்டும் மாத்த முடியாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நெட்டை, குட்டை எல்லாருக்கும் ஒரே அளவுலதான் யூனிஃபார்ம் தைக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் மணியை அடித்து அடுத்தவரை உள்ளே கூப்பிட்டார். வீடு வரும் வரை என்னை நானே திட்டிக்கொண்டேன். வாய் சும்மா இருந்திருந்தால் ஒரு வேளை கிடைத்திருக்கும்.

ஓரல் டெஸ்ட் அன்று என்னை வகுப்புக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவனை மேஜைக்கு எதிரில் நிறுத்தினார்கள். வகுப்பு டீச்சர் சின்னப் பெண், பாவம், நல்லவள். பிரின்சிபல் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் பழங்கள் சார்ட்டில் கைவைத்து, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டாள். அவன் தலையைத் திருப்பினான். மறுபடி கேட்டாள். கை வாய்க்குப் போனது. மூன்றாவது தடவை கேட்கும்போது அவன் கடைசி பெஞ்சுக்கு ஓடிப்போய்ச் சுவரோரம் ஒடுங்கிக்கொண்டான். பழைய தழும்பிலிருந்து ரத்தம் வந்தது. நான் எழுந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்றுதான் எழுந்தேன்.

பிரின்சிபல் எனக்கு முன்னால் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து அவன் கையில் சுற்றினார். பிறகு அந்தக் குட்டி பெஞ்சில், சேலை கசங்கக் கசங்க, அவனுக்கு எதிரில் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அவனைப் போலவே எதிர்ச் சுவரைப் பார்த்தார். ரத்தத்தைப் பார்த்து மனசு மாறினாரா, நான் பேசியது உறைத்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கசாயம் குடிக்கிற முகத்தோடு, சார்ட்டிலிருந்த ஆரஞ்சைக் காட்டினார்.

"திஸ் இஸ் ஆன் ஆப்பிள்."

ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆரஞ்சு" என்றான் அவன், சுவரிடம்.

பிரின்சிபலின் முகத்தில் ஏதோ அசைந்தது. வாழைப்பழத்தைக் காட்டி மாம்பழம் என்றார். அவன் திருத்தினான். திராட்சையைத் தர்பூசணி என்றார். அவன் சிரித்துவிட்டுத் திருத்தினான். பிறகு அந்த அம்மாவுக்கே ருசி கண்டுவிட்டது. யானையைப் பூனை என்றார், பச்சையைச் சிவப்பு என்றார், ஏ-வுக்கு அடுத்து இசட் என்றார். ஒவ்வொன்றுக்கும் சுவரிலிருந்து பதில் வந்தது. கடைசியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இந்தப் பையன் பேரு" என்று ஏதோ ஒரு பெண்பிள்ளைப் பெயரைச் சொன்னார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தன் பெயரை இனிஷியலோடு சேர்த்து முழுசாகச் சொன்னான். அதை அவன் வாயால் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிரின்சிபல் எழுந்தார். சேலையை நீவிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். அப்போது அவன் பெஞ்சை விட்டு இறங்கி அவர் பின்னாலேயே வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய முந்தானையைப் பார்த்துக்கொண்டு, உண்மையான கவலையோடு கேட்டான்.

"மிஸ்ஸுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

அவர் நின்றார். திரும்பி அவனைப் பார்க்கக் கூடாது என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே அவனுக்குப் பதில் சொன்னார்.

"தெரியாதுப்பா. ஜூன் மாசம் ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுக்கு வந்து சொல்லிக் குடு."